கால் என்ன நிறம்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தினர் எங்களிடம் கேட்டது "முதியோர் சுகநலம்" என்ற தலைப்பில் இருபது நிமிடப் பேச்சு. படங்களோடு ஆயத்தமும் செய்து வைத்திருந்தோம். போன கிழமை அந்தப் படங்களைத் திரும்பப் பார்த்தபோது ஒரு வெட்கம் வந்தது. அதில் உள்ளதெல்லாம் எங்களுக்குப் பல வருடமாகத் தெரியும். தெரிந்திருந்தும் எங்கள் சொந்த வீட்டில் அது உதவவில்லை. ஆகவே படங்களை ஒருபக்கம் வைத்துவிட்டு, சென்ற கோடை விடுமுறையில் நாயாற்றில் அம்மாவோடு இருந்த நாலு கிழமைகளைப் பற்றிச் சொல்லப் போகிறோம். தலைப்பு மாறிவிட்டதே என்று செயலாளர் கோபிக்கக்கூடாது. விஷயம் மாறவில்லை.

அம்மாவும் இந்தக் கல்லூரியின் பழைய மாணவிதான். 1960களில் விடுதியில் இருந்து படித்து, பிறகு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்று அவரையும் அழைத்தோம். "வந்தால் பேச்சை இடையில மறிச்சுத் திருத்துவன். நீங்களே போங்கோ" என்று சொல்லிவிட்டார். இதையெல்லாம் இங்கே சொல்வதற்கு அவரிடம் அனுமதி வாங்கித்தான் வந்திருக்கிறோம்.

நாயாறு எங்கே இருக்கிறது என்று இளைய தங்கைமார் சிலர் கேட்கக்கூடும். முல்லைத்தீவு நகரிலிருந்து கரையோர வீதியால் தெற்கே போனால் சிலாவத்தை, அளம்பில், செம்மலை, அதற்கப்பால் நாயாறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல்திட்டு. களப்பும் கடலும் தொடுகிற இடத்தைத் தொடுவாய் என்பார்கள். இன்னும் தெற்கே போனால் கொக்குத்தொடுவாய் என்று ஊர்ப்பெயராகவே இருக்கிறது. மாரியில் வெள்ளம் வந்து தொடுவாயை வெட்டிக்கொண்டு கடலுக்குப் பாயும். கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து திரும்ப அடைத்துவிடும். அடைபட்ட பிறகு களப்பு வற்றத் தொடங்கும். ஓரத்துச் சேறு வெடித்து, அதன்மேல் உப்பு வெள்ளையாகப் பூக்கும். நாங்கள் போய் இறங்கியது அந்தக் காலத்தில்.

எங்கள் வீடு களப்புக் கரையில். வீடு என்று சொன்னாலும் அது புதிய வீடு. பழைய வீட்டிலிருந்து மிஞ்சியது கிணறு ஒன்றுதான். 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு, செம்மலை என்று அந்தக் கரையோர ஊர்களின் சனம் எல்லாம் எழும்பிய நேரம், அப்பாவும் அம்மாவும் நாலு வயதுப் பிள்ளையாக இருந்த எங்களைத் தூக்கிக்கொண்டு முள்ளியவளைக்குப் போனார்கள். இரண்டு நாளில் திரும்பலாம் என்று சொன்னார்களாம். அம்மா கோழிகளுக்கு இரண்டு நாளுக்குக் காணக்கூடிய தவிட்டைக் குழைத்து வைத்துவிட்டுத்தான் படலையைச் சாத்தினார். அந்தப் படலையை அவர் திரும்பத் திறக்க 28 வருடம் ஆனது. அப்போது படலையும் இல்லை, அப்பாவும் இல்லை. இடையில் நடந்தவற்றை, 2004 கடல்கோளை, 2009 தை முதல் வைகாசி வரை அம்மா எங்கெங்கே இருந்தார் என்பதை, இந்த மண்டபத்தில் விரித்துச் சொல்லத் தேவையில்லை. பாதிப்பேருக்கு அது சொந்தக் கதை.

2012இல் அம்மா அந்தக் காணிக்குத் திரும்பினார். நாங்கள் அப்போது லண்டனில். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம். தனிமை, யானை, பாம்பு, வைத்தியசாலை தூரம் என்று வைத்தியர்களுக்குத் தெரிந்த காரணங்கள் எல்லாவற்றையும் அடுக்கினோம். எங்கள் வீட்டில் இரண்டு வைத்தியர்கள். காரணங்களுக்குப் பஞ்சம் இருக்காது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "கிணத்துத் தண்ணி இன்னும் நல்ல தண்ணியாத்தான் இருக்கு" என்றார். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அதன்பிறகு அம்மா எங்களுக்குத் தொலைபேசியில் வாழ்கிற அம்மாவானார். பின்னர் படத்தோடு பேசும் வசதியும் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் முகம் பார்த்தோம். மருந்து போட்டீங்களா, சாப்பிட்டீங்களா என்று கேட்டோம். ஒருமுறை, "இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறன்" என்று பெருமையாகச் சொன்னார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். பக்கத்தில் இருந்த இவரும் கைதட்டினார். அந்தக் கைதட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகளுக்கு வயது பத்து. அம்மம்மாவை நேரில் கண்டது கைக்குழந்தையாக இருந்தபோது ஒருமுறை, பிறகு கொழும்பில் ஒரு கலியாண வீட்டில் இரண்டு நாள். நாயாற்றுக்கு இதுதான் முதல் பயணம். கொழும்பிலிருந்து ரயிலில் மாங்குளம், அங்கிருந்து வானில் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு என்று போய்ச் சேர மாலையாகிவிட்டது. நாங்கள் கொண்டுபோன பெட்டியில் பாதி மருந்து. நுளம்புக்கு, வயிற்றோட்டத்துக்கு, வெயிலுக்கு. அம்மா அதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "ஜீவனி பைக்கற்றும் இளநியும் இஞ்ச இருக்கு. மற்றதுகளைக் கட்டி வையுங்கோ" என்றார்.

அடுத்தநாள் காலையிலேயே மகள் களப்புக்குப் போக வேண்டும் என்றாள். அவளிடம் இருபத்தைந்து மீற்றர் நீந்திய சான்றிதழ் இருக்கிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் அந்த அளவு நீச்சல் பாடத்திட்டத்திலேயே உண்டு. எங்களுக்கோ வயிற்றைக் கலக்கியது. எங்கள் வகுப்புத் தோழிகள் இங்கே சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் விடுமுறை முடிந்து விடுதிக்குத் திரும்ப நாங்கள் கிளாலியை இரவில் படகில் கடந்தவர்கள். வெளிச்சம் காட்டக்கூடாது, சத்தம் போடக்கூடாது, படகுக்குள் தண்ணீர் வந்தால் பேணியால் அள்ளி ஊற்ற வேண்டும். தண்ணீர் என்றால் எங்கள் தலைமுறைக்கு அந்த இரவுதான். பதினொரு வயதில் எங்கள் உடம்பு படித்த பாடத்தை மருத்துவ பீடத்தால் மறக்கச் செய்ய முடியவில்லை.

அம்மாவுக்கு அந்தத் தண்ணீர் அப்படியில்லை. அவர் அதன் கரையில் பிறந்தவர். பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். "காலைத் தூக்கி வைக்காதை குஞ்சு. இழுத்து இழுத்து நட. திருக்கை கிடந்தால் சத்தம் கேட்டு அது தன்ரை பாட்டில போயிடும்." மகள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழில், "நான் பயப்படவில்லை, அம்மம்மா" என்றாள். அம்மா சிரித்த சிரிப்பு வீதிவரை கேட்டது. "புத்தகம் கதைக்குது" என்றார். (திருக்கை குத்தினால் காலைப் பொறுக்கக்கூடிய அளவு சுடுநீரில் அரை மணித்தியாலத்துக்கு மேல் வைத்திருந்து, பிறகு வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இந்தப் பேச்சிலிருந்து வைத்தியக் குறிப்பு ஒன்றாவது எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் இதை எழுதிக்கொள்ளலாம்.)

அந்த இரண்டு பேரும் முதல் கிழமை முழுவதும் கரையில் கிடந்த ஒரு பழைய தோணியில்தான் இருந்தார்கள். வெயில் ஏறமுதல் ஒரு தடவை, வெயில் சாய்ந்தபின் ஒரு தடவை. வேலை, பறவை பார்ப்பது. வற்றிய களப்பில் மீன் ஒதுங்கும். மீன் ஒதுங்கினால் பறவை கூடும். நாயாற்றுக் களப்பை 2017இல் இயற்கை ஒதுக்கிடம் என்று வர்த்தமானியில் அறிவித்தார்கள். காணி உறுதி தேடிக் கந்தோர் கந்தோராக அலைந்தவர்கள் ஊரில் பலர். "பறவையளுக்கு இடம் ஒதுக்கியாச்சு. இனி எங்களுக்கும் ஒதுக்குவினம்" என்று அம்மா அதற்கொரு பகிடி வைத்திருக்கிறார்.

நாங்கள் விறாந்தையில் இருந்து அவர்கள் கதைப்பதைக் கேட்டுக்கொண்டிருப்போம். மகள் ஒரு பறவையைக் கண்டு கத்துவாள். அம்மா உடனே பெயரைச் சொல்லமாட்டார். கேட்பார்.

"கால் என்ன நிறம்?"

"ரோஸ். சரியான நீளம்."

"சொண்டு?"

"கறுப்பு. மெல்லிசு. ஊசி மாதிரி."

"நேரோ, வளைஞ்சதோ?"

"நேர்."

"அப்ப அது பவளக்காலி."

சொண்டு அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் அரிவாள்மூக்கன். சொண்டுக்குக் கீழே பை தொங்கினால் கூழைக்கடா. தண்ணீரை விட்டு ஏறிச் செட்டையை விரித்துக் காய வைத்துக்கொண்டு நின்றால் நீர்க்காகம். ஆட்காட்டிக்கு மட்டும் கேள்வி இல்லை. அது கத்தியவுடனேயே அம்மா சொல்லிவிடுவார். மகள் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். கோடு போட்டு, நிரல் பிரித்து, கால், சொண்டு, செட்டை, அம்மம்மா சொன்ன பெயர்.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இதல்லவா படிப்பித்தல்! விடையைச் சொல்லாமல், பிள்ளையைப் பார்க்க வைத்து, சொல்ல வைத்து, அவளாகவே கண்டுபிடிக்க வைக்கிற முறை. ஓய்வு பெற்று எத்தனை வருடமானாலும் ஆசிரியை ஆசிரியைதான் என்று இவர் சொன்னார். லண்டனில் இருக்கிற நண்பர்களுக்குப் படம் எடுத்தும் அனுப்பினோம். பேத்தியும் பேத்தியாரும் தோணியில் இருக்க, பின்னால் களப்பு மின்னுகிற படம். எல்லோரும் இதயம் போட்டார்கள்.

பத்தாவது நாள் என்று நினைக்கிறோம். மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மாவும் மகளும் நித்திரை. மேசையில் அந்தக் கொப்பி திறந்தபடி கிடந்தது. எடுத்துப் பார்த்தோம். கடைசிப் பக்கங்களில் இரண்டு நிரல் கூடியிருந்தது. ஒன்றின் மேல் "எத்தனை அடி" என்று எழுதியிருந்தது. மற்றதின் மேல் "அம்மம்மா கண்டாவா?" கொக்கு, 10 அடி, ஓம். கொக்கு, 20 அடி, இல்லை. கூழைக்கடா, 30 அடி, வெள்ளையாக ஏதோ. மாமாவின் தோணி, 40 அடி, சத்தத்தில் தெரிந்தது. ஓரிடத்தில், "கான்" என்று எழுதி, பக்கத்தில் "அம்மம்மா கூழைக்கடா என்று சொன்னா. நான் ஓம் என்று சொன்னேன்" என்றிருந்தது. வலைக்காரர் மிதப்புக்குக் கட்டுகிற வெள்ளைப் பிளாஸ்ரிக் கானை அம்மா பறவை என்று நினைத்திருக்கிறார். பிள்ளை மறுத்துச் சொல்லாமல் ஒத்துக்கொண்டு, அதைக் கொப்பியில் மட்டும் உண்மையாக எழுதி வைத்திருக்கிறது.

கண் வைத்தியத்தில் முதல் வேலையே தூரத்தை அளப்பதுதான். இருபது அடி தள்ளி நிறுத்தி எழுத்துப் பலகையை வாசிக்கச் சொல்வோம். பத்து வயதுப் பிள்ளை பலகை இல்லாமல், கொக்கை வைத்து அந்தச் சோதனையைச் செய்து முடித்திருந்தது.

அன்று பின்னேரம் வெளிச்சத்தில் கதிரை போட்டு அம்மாவை இருத்தினோம். இடது கண்ணால் மூன்று முழத்துக்கு அப்பால் விரலை எண்ண முடியவில்லை. வலது கண் கொஞ்சம் பரவாயில்லை. ரோச் லைற் அடித்துப் பார்த்தால் இரண்டு கண்மணியிலும் பழுப்பு நிறம். முற்றிய கண்புரை. பாடப்புத்தகத்தில் படம் போடுகிற மாதிரி இருந்தது.

பிறகுதான் ஒவ்வொன்றாக எங்களுக்கு உறைக்கத் தொடங்கியது. குசினி வாசலிலிருந்து கிணற்றடிவரை கட்டியிருந்த நைலோன் கயிறு. உடுப்புக் காயப்போட என்று நினைத்து நாங்களும் அதில் துவாய் போட்டிருந்தோம். அது அம்மா பிடித்துக்கொண்டு நடக்கிற கயிறு. படலையில் ஆள் வந்தால், ஆள் வாய் திறக்கும்வரை அம்மா பெயர் சொல்லமாட்டார். பெட்டியில் மருந்தைக் கையால் தடவிப் பார்த்தது. வெயில் எரிக்கிற நேரம் வெளியே வராமல் இருந்தது. புரை உள்ள கண்ணுக்கு வெயிலின் கூச்சம் தாங்காது. எல்லாவற்றுக்கும் மேல், அந்தக் கண்ணாடி. கண்ணின் வில்லை நடுவில் இறுகிப் பழுக்கத் தொடங்கும்போது, சிலருக்குக் கிட்டப் பார்வை கொஞ்சக் காலத்துக்குத் திருந்தும். வாசிப்புக் கண்ணாடி தேவைப்படாது. தூரப் பார்வை போய்க்கொண்டிருக்கும். வயதான ஒருவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறார் என்றால் அது புரையின் அறிகுறியாக இருக்கலாம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். அதற்குத்தான் அன்று கைதட்டினோம்.

தொலைபேசித் திரையில் அம்மா எங்களை நேராகப் பார்த்துத்தான் பேசினார். ஒரு முழத் தூரம். ஒரு முழத் தூரத்தில் அவருக்கு எல்லாம் தெரிந்தது.

"ஏனம்மா சொல்லேல்லை?" என்று கேட்டோம். அம்மா மகளைப் பார்த்தார். மகள் அழுவதா விடுவதா என்று நின்றாள். "நான் சொல்லேல்லை அம்மம்மா. எழுதினனான்" என்றாள். நாலு நாளைக்கு முன்பே அவள் கண்டுபிடித்திருக்கிறாள். "கொம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்று அம்மா அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"சொன்னால் என்ன செய்வீங்கள் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "நீங்கள்தானே சொன்னனீங்கள்."

நாங்கள் சொன்னது உண்மைதான். அம்மா திரும்பிப்போன புதிதில், வாதாடிக் களைத்த ஒருநாள், "சரி, இருங்கோ. கண் தெரியாமல், நடக்க ஏலாமல் போற காலத்தில எங்களோடைதானே வரவேணும்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தோம். சொல்லிவிட்டு மறந்தும் போனோம். அம்மா அதை ஓர் ஒப்பந்தமாக வைத்திருந்திருக்கிறார். கண் தெரிகிறவரை நாயாறு. கண் போனால் லண்டனில் ஒரு மேல்மாடி அறை. ஆகவே கண் தெரிகிறது என்று காட்ட வேண்டியிருந்தது. முந்தின மாரியில் கிணற்றுக் கட்டில் இடறி விழுந்து முழங்காலுக்குக் கீழே கிழிந்த தழும்பையும் அன்றுதான் கண்டோம். அந்த ஞாயிறும் படத்தில் பேசியிருக்கிறோம். முகம் மட்டும்தானே தெரியும்.

அன்றிரவு வீட்டில் நல்ல சண்டை. மறைக்க ஒன்றுமில்லை. தெரிந்த தனியார் வைத்தியசாலையில் ஒழுங்கு செய்து, கொழும்பில் இரண்டு கிழமை இருந்து, இரண்டு கண்ணையும் செய்துகொண்டு வரலாம் என்றோம். வேகம், வசதி, எல்லாம் சரி. அம்மா மாட்டேன் என்றார். இரண்டு கிழமைதானே அம்மா என்றோம்.

"இரண்டு நாள் எண்டுதான் அப்பவும் சொன்னவை" என்றார்.

அதற்குமேல் யாரும் பேசவில்லை. களப்பில் இறாலுக்குப் போகிறவர்களின் வெளிச்சம் அங்கங்கே தெரிந்தது. மகள் நித்திரை கொள்ளவில்லை. "என்ன இரண்டு நாள், அம்மம்மா?" என்று கேட்டாள். நாங்கள் பேச்சை மாற்றப் பார்த்தோம். இத்தனை வருடமும் அவளுக்கு அதைச் சொல்லாமல்தான் வைத்திருந்தோம், இன்னும் வளரட்டும் என்று. அம்மா மாற்றவில்லை. கோழிக்குத் தவிடு குழைத்ததிலிருந்து தொடங்கினார். சத்தம் உயராமல், ஒரு பறவையின் காலையும் சொண்டையும் சொல்கிற மாதிரி, நடந்ததை நடந்தபடி சொன்னார். மகள் கேட்டது ஒரேயொரு கேள்வி: "அந்தக் கோழிகளுக்கு என்ன நடந்தது?" "தெரியேல்லை குஞ்சு" என்றார் அம்மா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒரே நுளம்பு வலைக்குள் படுத்துவிட்டார்கள். தவிடு குழைத்த கதை எங்களுக்கே அன்றைக்குத்தான் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் கேட்டதில்லை.

மற்றநாள் வேறு வழி தேடினோம். அரசாங்க வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், மற்றவர்களோடு வரிசையில் இருந்து, திகதி எடுத்தோம். காலையில் போய் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்து தன் பாயிலேயே படுக்கலாம் என்று அங்கே சொன்னபிறகுதான் அம்மா சம்மதித்தார். புரட்டாதியில் ஒரு நாள். அதற்குள் எங்கள் விடுமுறை முடிந்துவிடும். வைத்தியராக இருந்தும் பக்கத்தில் நிற்க முடியாதே என்று எங்களுக்கு ஒரு கவலை. "நீங்கள் நிண்டாலும் வெட்டப்போறது அவைதானே" என்றார் அம்மா.

சத்திரசிகிச்சையைப் பற்றி அவருக்கு விளங்கப்படுத்தினோம். கலங்கிய வில்லையை எடுத்துவிட்டுப் பிளாஸ்ரிக் வில்லை ஒன்றை வைப்பார்கள், கண்ணை மட்டும் விறைக்கப் பண்ணிச் செய்வது, பயமில்லை என்றோம். பிளாஸ்ரிக்கைக் கண் ஏற்றுக்கொள்ளுமோ என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஹரோல்ட் ரிட்லி என்ற ஆங்கிலேயக் கண் வைத்தியர். இரண்டாம் உலகப் போரில் சண்டை விமானிகளின் கண்களில் விமானக் கூண்டின் பிளாஸ்ரிக் சிதறல்கள் புகுந்திருந்தன. அவை வருடக்கணக்கில் உள்ளே கிடந்தும் கண் அழற்சி அடையவில்லை என்பதை அவர் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்ரிக்கில் வில்லை செய்து 1949இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் முதல்தடவை ஒருவரின் கண்ணில் வைத்தார். அவருடைய காலத்துப் பெரியவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். இன்றைக்கு உலகம் முழுவதும் புரை எடுத்தவர்களின் கண்ணில் இருப்பது அந்த யோசனைதான். இதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா சொன்னார், "அப்ப பிளேனாலை எங்களுக்கும் ஒரு நன்மை வரப்போகுது." வன்னியில் இருந்தவர்களுக்கு அந்தப் பகிடி விளங்கும்.

மிச்ச நாட்கள் நல்ல நாட்கள். இனி மறைக்க ஒன்றுமில்லை என்றதும் அம்மா இன்னும் கூடக் கேள்வி கேட்டார். மகளும் கூச்சமில்லாமல், "இல்லை அம்மம்மா, அது கான்" என்று திருத்தினாள். சோளகம் தொடங்கினால் மேற்குக் கரையிலிருந்து வருகிற மீனவர்களின் வாடிகள் கடற்கரைப் பக்கம் வரிசையாக நின்றன. அதைப் பற்றி ஊரில் கசப்பு உண்டு. யாருக்கு எந்தக் கடல் என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மகளுக்கு அது தெரியாது. வாடியிலிருந்த ஒரு சிறுவனோடு மொழியே இல்லாமல் நண்டு பிடித்தாள். பிடித்த நண்டுகளை அவனே கட்டிக் கொடுத்தான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நண்டுக் குழம்பு வைத்து ஒரு பேணியில் அவனுக்கும் கொடுத்தனுப்பினார். நாங்களும் இரண்டு நாள் களப்பில் இறங்கினோம், காலை இழுத்து இழுத்து. முழங்கால் தண்ணீருக்குமேல் போகவில்லை. அதற்குமேல் எங்களால் முடியவில்லை.

ஒரு வேண்டுகோள், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வருகிற தங்கைமாருக்கு. வந்தால் நாலு இடம் பார்க்கிறோம், கோயில்களுக்குப் போகிறோம், சொந்தக்காரர் வீடு பத்துக்குப் போகிறோம், தாய் தகப்பனோடு முழுசாக இருப்பது இரண்டு நாள். அந்த இரண்டு நாளைக்கு எல்லாத் தாய் தகப்பனும் நன்றாக நடிப்பார்கள். எங்கள் அம்மாவும் ஒன்பது நாள் நடித்தார். பத்தாவது நாள்வரை இருந்தபடியால் பிடித்தோம். அதையும் நாங்கள் பிடிக்கவில்லை. பிள்ளையை அவர்களிடம் விட்டுவிடுங்கள். தண்ணீருக்குப் பக்கத்தில் மட்டும் கண் வைத்திருங்கள். மற்ற நேரம் நடுவில் நிற்காதீர்கள். நடந்து காட்டச் சொல்லுங்கள், ஆனால் வீட்டுக்குள் அல்ல. இருட்டுப் படும்போது முற்றத்தில். மருந்துப் போத்தலை எண்ணிப் பாருங்கள். "கண் போனால் எங்களோடைதான்" என்று மட்டும் விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள்.

புரட்டாதியில் இடது கண்ணைச் செய்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியம்மா கூடப் போனார். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு நாளைக்கு நாலுதரம் சொட்டுமருந்து விட வேண்டும், கிழமைக்கணக்கில். கடைசிச் சொட்டு இரவு எட்டு மணிக்கு. அந்த நேரம் லண்டனில் பின்னேரம் மூன்றரை. மகள் பள்ளி விட்டு வருகிற நேரம். சப்பாத்தைக் கழற்ற முதல் தொலைபேசி எடுத்து, "அம்மம்மா, மருந்து" என்பாள். அவர்களிருவரும் கதைக்கும்போது இப்போது நாங்கள் பக்கத்தில் போவதில்லை. கேட்டுக்கொண்டிருப்பது மட்டும்தான்.

கட்டு அவிழ்த்த அன்று அம்மா எங்களுக்குச் சொன்ன முதல் விஷயம், வீட்டுச் சுவரைப் பற்றியது. பழுத்த வில்லை நீல நிறத்தைத் தடுத்துவிடும். அதை எடுத்தவுடன் நீலம் திரும்ப வரும். "இந்தச் சுவர் நீலமெல்லோ! இவ்வளவு காலமும் வெள்ளை எண்டெல்லோ இருந்தனான். ஆர் நீலம் அடிச்சது?" என்று கோபமாகக் கேட்டார். எங்கள் காசில், எங்கள் விருப்பத்துக்கு, மூன்று வருடத்துக்கு முன் அடிப்பித்த நிறம். அவருக்குப் பிடிக்கவில்லையாம்.

வலது கண்ணுக்குத் தையில் திகதி. கிணற்றுக் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை. போன கிழமை மகளோடு பேசும்போது, தொலைபேசியைக் களப்புப் பக்கம் திருப்பிப் பிடித்திருக்கிறார். மாரி வெள்ளம் ஏறி, தொடுவாய் வெட்டுப்பட்டு, புதிதாக வந்திறங்கிய பறவைகள் தூரத்தில் புள்ளி புள்ளியாக நின்றன. சின்னத் திரையில் மகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "கால் என்ன நிறம், அம்மம்மா?" என்று கேட்டாள்.

"பொறு, பாத்துச் சொல்லுறன்" என்றார் அம்மா.